வாக்கு அதிகம் விழுந்த வசதியைத்தான் முதலில் செய்ய வேண்டுமா?

இழையைத் தொடங்கிய கேள்வி: ஜூன் 2

"எங்கள் கட்டற்ற மென்பொருளுக்கு வந்து குவிந்திருக்கும் கோரிக்கைகள் இருநூறைத் தாண்டிவிட்டன. வேலை செய்பவர்கள் நான்கு பேர். நால்வருக்கும் பகலில் வேறு பிழைப்பு இருக்கிறது. எதை முதலில் எடுப்பது என்று ஒவ்வொரு மாதமும் சச்சரவு வருகிறது. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்ற கதையாக, யார் விடாமல் கேட்கிறாரோ அவர் கேட்டது நடந்துவிடுகிறது. எல்லாவற்றையும் பொதுவில் வைத்து, பயனர்களை வாக்களிக்கச் சொல்லி, மேலே வருவதை வரிசையாகச் செய்வதுதான் நியாயம் என்று நினைக்கிறேன். இதை மறுப்பவர்கள் யாராவது உண்டா?"

ஜூன் 2, இரவு

நான் மறுக்கிறேன். காரணம், நீங்கள் செய்ய நினைப்பதை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் செய்து பார்த்துவிட்டோம்.

சிறிய நூலகங்களிலும் ஊர்ப் படிப்பகங்களிலும் புத்தகம் கொடுத்து வாங்குவதைப் பதிந்துகொள்ள உதவும் ஒரு சிறு மென்பொருளை நாங்கள் மூவர் பராமரித்து வருகிறோம். கோரிக்கைப் பட்டியலை வெளியிட்டு ஒரு மாத காலம் வாக்கெடுப்பு நடத்தினோம். கறுப்புப் பின்னணியில் திரை தெரியும் டார்க் மோட் முதலிடம் பிடித்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக ஆறு வார இறுதிகளைச் செலவழித்து அதைச் செய்து முடித்தோம். அதன் பிறகு நூலகங்களுக்கு ஒவ்வொன்றாகப் போனபோது, கொடுக்கல் வாங்கல் மேசையில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர்கூட அதைப் பயன்படுத்துவதை நான் பார்க்கவில்லை. பட்டப்பகலில், சன்னல் வெளிச்சம் விழும் பழைய திரையில், கறுப்புப் பின்னணியில் எதையும் படிக்க முடியாது. வாக்களித்தவர்கள் பெரும்பாலும் கணினி படித்த இளைஞர்கள். மென்பொருளை நிறுவிக் கொடுத்தவர்கள் அவர்கள், அன்றாடம் அதனோடு மல்லுக்கட்டுபவர்கள் வேறு யாரோ.

வாக்குப் பெட்டி வரை வந்தவர்கள் யார் என்பதைத்தான் வாக்கு சொல்கிறது. வராதவர்கள் ஏன் வரவில்லை என்பது அதில் தெரியாது.

ஜூன் 3

நேற்று எழுதியதில் அந்த நூலகக் காட்சியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். என் கருத்து அங்கிருந்துதான் பிறந்தது என்பதால் அதை விரிவாகவே சொல்கிறேன்.

தஞ்சைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், அறக்கட்டளை நடத்தும் படிப்பகம். பொறுப்பில் இருக்கும் அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மாலை நாலரை மணிக்குப் பள்ளி விட்டதும் பிள்ளைகள் வந்து வரிசையில் நின்றார்கள். மேசையில் எங்கள் மென்பொருள் திறந்தபடி இருந்தது. அதன் பக்கத்தில் கோடு போட்ட நீள நோட்டு ஒன்றும் விரித்து வைக்கப்பட்டிருந்தது. அக்கா ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் புத்தக எண்ணையும் நோட்டில் எழுதிக்கொண்டு புத்தகத்தைக் கொடுத்து அனுப்பினார். கணினியைத் தொடவே இல்லை. வரிசை கலைந்த பிறகு, ஆறு மணி வாக்கில், நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றத் தொடங்கினார்.

"ஏன் அக்கா, நேராக இதிலேயே போட்டுவிடலாமே?" என்று கேட்டேன். "போடலாம் தம்பி. பேரைத் தேடினா பாதி நேரம் வர மாட்டேங்குது. பிள்ளைங்க நிக்குறப்போ தேடிக்கிட்டு உட்கார முடியுமா?" என்றார்.

எனக்கு முன்னால் ஒரு பெயரைத் தட்டினார்: முத்துலெட்சுமி. இல்லை என்றது திரை. அந்தச் சிறுமி முத்துலட்சுமி என்று பதியப்பட்டிருந்தாள். அதே பெயரில் இன்னொரு பதிவு முத்துலக்ஷ்மி என்று இருந்தது. இரண்டும் ஒரே பிள்ளை. இரண்டு உறுப்பினர் எண்கள். கௌரி என்று தேடினால் ஒரு கௌரி கிடைத்தாள், கெளரி என்று கெ என்ற எழுத்தையும் ளகரத்தையும் சேர்த்துத் தட்டச்சிட்ட இன்னொருத்தி கிடைக்கவில்லை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இராமசாமியும் ராமசாமியும், சண்முகமும் ஷண்முகமும், முன்னெழுத்துக்குப் பின் புள்ளி வைத்தவரும் இடைவெளி விட்டவரும் என்று பட்டியல் நீண்டது.

எங்கள் கோரிக்கைப் பட்டியலில் இது எங்குமே இல்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு அக்கா சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது: "நான்தான் தப்பா அடிக்கிறேன்னு நினைச்சேன்."

ஜூன் 3, பிற்பகல்

மேலே சொன்னதைப் படித்த ஒருவர், "அப்படியானால் இது வழு, அதாவது மென்பொருளில் உள்ள பிழை. இதை வசதிக் கோரிக்கை என்று எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். நிரல் எழுதுகிறவருக்கு இந்தப் பிரிவினை முக்கியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேசையில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். தன் தவறு என்று அவர் நினைத்துக்கொள்ளும் எதுவும் வழுவாகவும் வந்து சேராது, கோரிக்கையாகவும் வந்து சேராது.

ஜூன் 5

"மக்களிடம் கேட்பதே வீண் என்றால் மென்பொருள் தானாகவே எண்ணிக்கொள்ளட்டும். எந்தப் பொத்தானை எத்தனை பேர் அழுத்துகிறார்கள் என்ற கணக்கை டெலிமெட்ரி வழியாக எடுத்தால் உண்மை தெரிந்துவிடும்" என்று இன்னொருவர் யோசனை சொல்லியிருக்கிறார். இதற்கு நான் இரண்டு மறுப்புகளை வைக்கிறேன்.

முதலாவது, எண்ணிக்கைக்குக் காரணம் தெரியாது. பயர்பாக்ஸ் உலாவியை எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் வெளிவந்த நான்காம் பதிப்பில், திறந்திருக்கும் தாவல்களைக் குழு குழுவாகப் பிரித்து வைக்கும் பனோரமா என்ற வசதி வந்தது. அதைப் பயன்படுத்துபவர்கள் மிகச் சிலரே, பராமரிப்புச் சுமையோ அதிகம் என்று சொல்லி 2016 மார்ச்சில், 45ஆம் பதிப்பில், அதை நீக்கினார்கள். கணக்கு பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே சிலர்தான் அதைப் பயன்படுத்தினார்கள். பின்னர் பயனர்கள் தங்கள் யோசனைகளை முன்வைத்து ஆதரவு திரட்டும், பயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் மொசில்லா கனெக்ட் தளம் 2022இல் தொடங்கப்பட்டபோது, அங்கே மிக அதிக ஆதரவு பெற்ற கோரிக்கையாகத் தாவல் குழுக்கள் வந்து நின்றன. 2025 ஏப்ரலில், 138ஆம் பதிப்பில், அந்த வசதி வேறு வடிவத்தில் மீண்டும் வந்தது. பழைய வசதிக்கு ஆள் இல்லாமல் போனதற்குத் தேவை இல்லாதது காரணமா, அது தனித் திரையில் ஒதுங்கிக் கிடந்தது காரணமா என்பதைப் பொத்தான் கணக்கு ஒருபோதும் சொல்லியிருக்காது. எங்கள் மென்பொருளில் தேடல் பெட்டியை அக்கா குறைவாகப் பயன்படுத்துகிறார் என்ற கணக்கு மட்டும் எனக்குக் கிடைத்திருந்தால், தேடலுக்குத் தேவை குறைவு என்று முடிவு கட்டியிருப்பேன்.

இரண்டாவது, நம்பிக்கை. 2021 மே மாதத்தில் ஒலித்தொகுப்பு மென்பொருளான ஆடாசிட்டியில், வெளியார் சேவைகள் வழியாகப் பயன்பாட்டுக் கணக்கு எடுக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. பயனர் விரும்பி அனுமதித்தால் மட்டுமே இயங்கும் என்று சொல்லப்பட்டபோதும் பெரும் எதிர்ப்பு எழுந்து, அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஒலித்தொகுப்பு மென்பொருளுக்கே இந்த நிலை என்றால், யார் எந்தப் புத்தகத்தை எடுத்துப் போனார் என்பதை வைத்திருக்கும் நூலக மென்பொருளுக்கு எத்தனை கவனம் வேண்டும்? ஒருவர் படிக்கும் புத்தகம் அவருடைய நோய், கடன், நம்பிக்கை, குடும்பச் சிக்கல் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஜூன் 6

"நூலகத்துக்கு கோஹா என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறதே, நீங்கள் ஏன் தனியாகச் செய்கிறீர்கள்?" என்ற கேள்வி எதிர்பார்த்ததுதான். கணினிக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்ள வசதியுள்ள கல்லூரி நூலகத்துக்கு நானே கோஹாவைத்தான் பரிந்துரைக்கிறேன். ஒரே ஒரு மடிக்கணினியும், வாரம் மூன்று நாள் திறக்கும் ஓர் அறையுமாக இருக்கும் படிப்பகத்துக்கு அது பெரிய சுமை. அவ்வளவுதான் வேறுபாடு.

ஆனால் இந்த இழைக்கு கோஹாவின் கதை மிகவும் தேவையானது. நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளையிடம் இருந்த பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டின் தேதிகளைக் கையாளாது என்ற நெருக்கடி 1999இல் வந்தது. கிளை நூலகங்கள் சாதாரணத் தொலைபேசி இணைப்பின் வழியாகவே வேலை செய்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இருந்தது. அதனால் கட்டிப்போ என்ற நியூசிலாந்து நிறுவனம் உலாவியில் இயங்கும் மென்பொருளாக அதை எழுதிக் கொடுத்தது; 2000 ஜனவரி 3 அன்று அது பயன்பாட்டுக்கு வந்தது. மாவோரி மொழியில் கோஹா என்றால் கொடை என்று பொருள். அந்த வடிவமைப்பை முடிவு செய்தது கிளை நூலகத்தின் மெலிந்த தொலைபேசிக் கம்பி. எந்த வாக்கெடுப்பும் அன்று.

இன்று அங்கே ஒரு வசதி எப்படி உள்ளே நுழைகிறது என்று பாருங்கள். யாரோ ஒருவர் வழுக்களையும் கோரிக்கைகளையும் பதியும் பக்சில்லா என்ற தளத்தில் கோரிக்கையைப் பதிகிறார். அதற்கு நிரல் எழுதப்பட்ட பிறகு, எழுதியவர் அல்லாத இன்னொருவர் அதைச் சோதித்துத் தன் பெயரால் ஒப்பமிட வேண்டும். அதன் பின் தரச் சோதனைக் குழு பார்க்கும். கடைசியாக வெளியீட்டு மேலாளர் சேர்த்துக்கொள்வார். நடுவில் வரும் அந்த ஒப்பத்தை நிரல் தெரியாத நூலகரும் இடலாம். அதற்கென்றே, உலாவியிலேயே திறந்து சோதித்துப் பார்க்கும் மணல்தொட்டிகளை வைத்திருக்கிறார்கள். எதையும் நிறுவத் தேவையில்லை. கருத்துக் கேட்பு என்றால் என்ன என்பதற்கு நான் பார்த்த மிக நல்ல விடை இதுதான். "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டுவிட்டுப் போகாமல், "நீ கேட்டது இதுதானா என்று உட்கார்ந்து பார், சரி என்றால் உன் பெயரை இடு" என்று சொல்கிறார்கள்.

ஜூன் 6, இரவு

கோஹாவை ஒரேயடியாகப் புகழ்ந்துவிட்டேனோ என்று தோன்றுகிறது. அங்கே பல வசதிகள், அது தேவைப்படும் நூலகம் பணம் கொடுத்து ஒரு நிறுவனத்தைக் கொண்டு எழுதிக்கொள்வதால்தான் வருகின்றன. அதில் தவறு எதுவும் இல்லை. எழுதப்பட்டது எல்லோருக்கும் கிடைக்கிறது. ஆனால் முன்னுரிமையைப் பணமும் முடிவு செய்கிறது என்பதை மறைக்கக் கூடாது. கையில் காசில்லாத நூலகத்தின் கோரிக்கை, யாராவது ஒரு தன்னார்வலருக்கு அது பிடித்துப்போகும் வரை காத்திருக்க வேண்டும். எங்கள் சிறு குழுவில் பணமே இல்லை; எனவே எங்களில் யாருக்கு எது பிடிக்கிறதோ அது நடக்கிறது. அதுவும் நியாயமன்று.

ஜூன் 9

முதல் நாள் எழுதியதை இன்று ஓரளவு திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. வாக்கெடுப்பே பயனற்றது என்ற தொனியில் எழுதிவிட்டேன். இணையத்தில் பழைய நூல்களைச் சேர்த்து வைக்கும் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்கும் நண்பர் ஒருவர் தனிச்செய்தியில், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா பயனர் கோரிக்கைகளுக்கு வாக்கெடுக்கும் விருப்பப்பட்டியலை நினைவூட்டினார். அவர் சொல்வது சரி.

விக்கிமீடியா அறக்கட்டளையின் சமூகத் தொழில்நுட்பக் குழு 2015 இறுதியில் முதல் விருப்பப்பட்டியல் கணக்கெடுப்பை நடத்தியது. 107 முன்மொழிவுகள் வந்தன. 634 பேர் பங்கேற்றார்கள். கட்டுரைகளின் மேற்கோள்களில் செத்துப்போன இணைப்புகளுக்குப் பதிலாக இணைய ஆவணகத்தில் உள்ள படிகளை இணைக்க வேண்டும் என்பது முதலிடம் பெற்றது. தொகுப்பவர்கள் எல்லோரையும் வாட்டிய சிக்கல் அது. அதற்கான தானியங்கி இன்றும் பல மொழி விக்கிப்பீடியாக்களில் வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்த வாக்கெடுப்பு பொய்த்தது என்று யாரும் சொல்ல முடியாது.

இதைவிட முக்கியமானது 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு. ஆண்டுதோறும் பெரிய விக்கிப்பீடியாக்களின் கூட்டத்தில் சிறிய திட்டங்களின் குரல் அமுங்கிப்போகிறது என்பதால், அந்த ஒரு முறை மட்டும் விக்கிப்பீடியா, விக்கித்தரவு, பொதுவகம் ஆகிய மூன்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு, மற்றத் திட்டங்களின் கோரிக்கைகளை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். முதல் இடங்களை விக்கிமூலமே பிடித்தது. மின்னூலாகப் பதிவிறக்குவதைச் சீர்படுத்துவது, படத்தில் உள்ள எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரிக்குப் புதிய கருவி ஆகிய இரண்டும் முதல் இரண்டு இடங்கள். தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் வருடப்பட்ட பக்கங்களை வைத்துக்கொண்டு மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கு அது எத்தனை பெரிய மாற்றம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தொகுக்கும் பக்கத்திலேயே பொத்தானை அழுத்தி, படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் வசதி அந்த விருப்பத்திலிருந்து வந்ததுதான்.

அங்கே இருந்ததும் வாக்குதான், எண்ணிக்கைதான். பெட்டிக்குள் யாரை விடுவது என்ற ஒரே ஒரு விதியை மாற்றினார்கள். முடிவு முழுவதும் மாறிவிட்டது. ஆகவே என் மறுப்பைத் திருத்திச் சொல்கிறேன்: வாக்கெடுப்பு வைக்கலாம். வைப்பதற்கு முன்னால் யாருடைய கூட்டம் யாரை அமுக்கும் என்று பார்த்து, அமுங்குகிறவருக்கென்று ஒரு தனிப் பெட்டி வைக்க வேண்டும். நாங்கள் அதைச் செய்யவில்லை. நிறுவிக் கொடுத்தவர்களும் மேசையில் இருப்பவர்களும் ஒரே பெட்டியில் வாக்களித்தார்கள். உண்மையில் மேசையில் இருப்பவர்களுக்கு அப்படி ஒரு பெட்டி இருப்பதே தெரியாது, ஏனென்றால் அறிவிப்பை, நிரல் எழுதுவோர் கூடும் கிட்ஹப் தளத்தில்தான் வெளியிட்டோம்.

ஜூன் 10

அதன் தொடர்ச்சியாக ஒன்று. 2024இல் அந்த விருப்பப்பட்டியலை ஆண்டு முழுவதும் திறந்திருக்கும்படி மாற்றி, ஒரே சிக்கலைச் சுற்றி வரும் விருப்பங்களை ஒரு தலைப்பின்கீழ்த் தொகுத்து, அந்தத் தலைப்புகளுக்கு ஆதரவு கேட்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். தங்கள் விருப்பம் தலைப்புக்குள் கரைந்துபோகிறது என்ற வருத்தம் பலருக்கு வரக்கூடும். அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் கோரிக்கையை அப்படியே எண்ணாமல் அதன் பின்னால் இருக்கும் தொல்லையை எண்ணுவது சரியான திசை என்றே கருதுகிறேன்.

எங்கள் பட்டியலையே அவ்வாறு பிரித்துப் பார்த்தேன். "உறுப்பினர் அட்டைக்கு பார்கோடு வேண்டும்", "உறுப்பினரின் புகைப்படம் வேண்டும்", "தொலைபேசி எண்ணால் தேட வேண்டும்", "வகுப்பு வாரியாகப் பட்டியல் வேண்டும்" என்று நான்கு தனித்தனிக் கோரிக்கைகள் ஆண்டுக்கணக்கில் அடியில் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வாக்குகளே இருந்தன. நான்கையும் அடுக்கி வைத்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது. நால்வரும் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல், ஆளுக்கொரு சுற்றுவழியைக் கேட்டிருக்கிறார்கள். அக்கா நோட்டில் எழுதினார். இவர்கள் பார்கோடு கேட்டார்கள். நோய் ஒன்றுதான்.

ஜூன் 14

"சரி, நடைமுறையில் எப்படிக் கேட்பது?" என்று இழையைத் தொடங்கியவர் திரும்பவும் கேட்டிருக்கிறார். நாங்கள் இப்போது செய்வதைச் சொல்கிறேன். எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

வாரத்துக்கு ஒரு நூலகத்தைத் தொலைபேசியில் அழைக்கிறோம். "உங்களுக்கு என்ன வசதி வேண்டும்?" என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் மரியாதைக்காக "எல்லாம் நல்லா இருக்கு" என்பார்கள், அல்லது வேறெங்கோ பார்த்த ஒன்றின் பெயரைச் சொல்வார்கள். "நேற்று மாலை முதல் ஆள் வந்தபோது என்ன செய்தீர்கள்? அதன் பிறகு?" என்று கேட்கிறோம். கதையாகச் சொல்லிக்கொண்டு வருவார்கள். நடுவில் எங்கே நோட்டு, காகிதம், பேரப்பிள்ளை, வாட்ஸ்அப் என்று மென்பொருளுக்கு வெளியே ஒரு பொருள் நுழைகிறதோ, அந்த இடத்தைக் குறித்துக்கொள்கிறோம். அவர்களுடைய சொற்களிலேயே குறிக்கிறோம். "தேடல் செயல்திறன் குறைபாடு" என்று எழுதினால் மூன்று மாதம் கழித்துப் படிக்கும்போது எங்களுக்கே ஒன்றும் புரியாது. "பிள்ளைங்க நிக்குறப்போ பேர் வர மாட்டேங்குது" என்று எழுதினால் அந்த வரிசையே கண்ணுக்குத் தெரியும்.

வாக்கு எண்ணிக்கையையும் பார்க்கத்தான் செய்கிறோம். 2016 தொடக்கத்தில் கட்டற்ற மென்பொருள் பராமரிப்பாளர்கள் பலர் சேர்ந்து கிட்ஹப்புக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். "எனக்கும் வேண்டும்" என்பதற்காக மக்கள் வெறும் "+1" என்று மறுமொழி இட்டுக் குவித்ததில், உருப்படியான தகவல் புதைந்துபோகிறது என்பது அவர்களுடைய முறையீடுகளில் ஒன்று. அதே ஆண்டு மார்ச்சில் கட்டைவிரல் முதலான எதிர்வினைக் குறிகள் வந்துவிட்டன. அஞ்சல் பெட்டி நிரம்புவது நின்றது, நல்லதுதான். ஆனால் "எனக்கும் வேண்டும், ஏனென்றால்..." என்று எழுதிக்கொண்டிருந்த சிலரும் இப்போது கட்டைவிரலோடு போய்விடுகிறார்கள். எனக்கு வேண்டியது அந்த "ஏனென்றால்" மட்டும்தான். அதனால் ஒரு கோரிக்கைக்கு ஐந்து கட்டைவிரல் விழுந்தால், அந்த ஐவரில் இருவருக்காவது எழுதிக் காரணத்தைக் கேட்கிறோம்.

ஜூன் 15

மாட்டேன் என்று சொல்வதைப் பற்றியும் எழுத வேண்டும். இதில் நாங்கள் ஒரு பெரிய தவறு செய்திருக்கிறோம்.

பட்டியல் நீண்டுவிட்டது என்று, ஆறு மாதம் அசைவில்லாமல் கிடக்கும் கோரிக்கைகளைத் தானாக மூடும் கருவி ஒன்றை வைத்தோம். பட்டியல் குறைந்தது, எங்களுக்கு நிம்மதியாகவும் இருந்தது. மூடப்பட்டவற்றில் ஒன்று, தவணை கடந்த புத்தகங்களின் பட்டியலில் விடுமுறை நாட்களையும் சேர்த்து எண்ணுகிறது என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியது. நான்கு பத்திகளில், எடுத்துக்காட்டுத் தேதிகளோடு, தெளிவாக எழுதியிருந்தார். நாங்கள் யாரும் பதில் எழுதவில்லை. பதில் எழுதாததால் அசைவில்லை. அசைவில்லாததால் கருவி மூடிவிட்டது. அவருக்குப் போன கடைசிச் செய்தி ஒரு கருவியின் ஆங்கில அறிவிப்பு. அந்த நூலகம் இப்போது எங்கள் மென்பொருளைப் பயன்படுத்துவதில்லை. நான் பிறகு அழைத்து மன்னிப்புக் கேட்டேன். "நீங்க இலவசமா செய்றீங்க, உங்களை என்ன சொல்ல முடியும்" என்று அன்பாகத்தான் பேசினார். அந்த அன்பு என்னை உலுக்கியது. குறை சொல்லும் உரிமைகூடத் தமக்கு இல்லை என்று நினைத்து ஒதுங்குபவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்!

கருவியை எடுத்துவிட்டோம். இப்போது செய்ய முடியாததை, செய்ய முடியாது என்று ஒரு மனிதர் தன் பெயரில், காரணத்தோடு, தமிழில் எழுதுகிறார். "உங்கள் நிலைமை புரிகிறது, இதைச் செய்தால் பழைய பதிவுகளை மாற்ற வேண்டிவரும், அதைச் சோதிக்க எங்களிடம் ஆள் இல்லை, எனவே எடுக்கப்போவதில்லை" என்று இரண்டு வரி போதும். இப்படி எழுதத் தொடங்கிய பிறகு கோபப்பட்டவர்களைவிட, "சோதிக்க நான் வருகிறேன்" என்று சொன்னவர்களே அதிகம்.

ஜூன் 21

பெயர்த் தேடலைப் பற்றி நுட்பமாகக் கேட்டவருக்கு: கணினியில் எழுத்துகளைக் குறிப்பதற்கான தரமாகிய யூனிகோடில் ஒகர உயிர்மெய்யின் குறியை ஒற்றை எழுத்தாகவும் இடலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் இடலாம், இரண்டும் சமம் என்பது தரத்திலேயே இருப்பதால், சமமான வடிவங்களை ஒன்றாக மாற்றும் இயல்பாக்கம் செய்தாலே அது சரியாகிவிடும். ஔகாரத்துக்குப் பதில் ளகரம் இடுவது அப்படியன்று. தரத்தின்படி அவை வெவ்வேறு எழுத்துகள், அதனால் நாமே விதி எழுத வேண்டும். லட்சுமி, லெட்சுமி, லக்ஷ்மி போன்றவற்றுக்கு ஒரு சிறு இணைப்பட்டியல் வைத்திருக்கிறோம். தேடல் பொருத்தங்களைக் காட்டும். எது சரியான ஆள் என்பதை மேசையில் இருப்பவர்தான் தேர்ந்தெடுப்பார். தானாக ஒன்றாக்கிவிட்டால் உண்மையிலேயே வேறு வேறான இரு பிள்ளைகள் ஒருவராகிவிடுவார்கள். இந்த எச்சரிக்கையைச் சொன்னதும் அக்காதான்.

ஜூலை 12

புதிய பதிப்பை நிறுவிவிட்டு அதே படிப்பகத்தில் நேற்று மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். முத்துலெட்சுமி என்று தட்டியதும் இரண்டு பதிவுகளும் வந்தன. அக்கா பழையதைத் தன் கையாலேயே நீக்கினார். வரிசையில் நின்ற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நேராகக் கணினியிலேயே போட்டார்.

மீதிப் பாதிக்கு மறுபடியும் நோட்டு. ஐந்து மணிக்கு மின்சாரம் போய், இணைய இணைப்பும் அதோடு நின்றது. மடிக்கணினி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் திரையில் பாதி நிரப்பியிருந்த பதிவு போய்விட்டது. "இது எப்பவும் நடக்குறதுதான், அதுக்குத்தான் நோட்டை விடல" என்றார். போன முறை நான் வந்தபோது மின்சாரம் போகவில்லை. அதனால் இதை நான் பார்க்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு எல்லாம் தெரிந்ததுபோல ஜூன் 3 அன்று நான் எழுதியதை இந்த அளவுக்குக் குறைத்தே படிக்க வேண்டுகிறேன்.

இந்த முறை கோரிக்கையை அவரையே எழுதச் சொன்னேன். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, "கரண்ட் போனாலும் எழுதுனது அழியக் கூடாது. வந்ததும் தானா ஏறிக்கணும்" என்று எழுதி, கீழே தேதியும் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அதைப் படம் எடுத்து அப்படியே பட்டியலில் சேர்த்திருக்கிறேன். இதுவரை அதற்கு விழுந்திருப்பது ஒரே ஒரு வாக்கு. அடுத்த பதிப்பில் முதலில் எடுப்பது அதைத்தான். இணைப்பு இல்லாத நேரத்தில் உலாவிக்குள்ளேயே பதிவுகளைச் சேமித்து வைத்து, இணைப்பு திரும்பியதும் ஏற்றும் முறையில், ஒரே புத்தகம் இரண்டு இடங்களில் பதியப்பட்டால் எதை ஏற்பது என்ற சிக்கலைத் தீர்த்தவர்கள் இங்கே இருந்தால் எழுதுங்கள்.